84 லட்ச ரூபாய் வண்டி இரண்டரை லட்சத்துக்கு... பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டு வாங்கலாமா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்குபவர்களைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்தால் ஒன்று புரியும். நேரம் ஆக ஆக விலை இறங்கும். இறங்கிய விலையைக் கேட்டதும் யாரும் பையை நீட்டிவிட மாட்டார்கள். முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். கண் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விரலால் ஓர் அழுத்து அழுத்துவார்கள். அதன் பிறகுதான் பேரம்.

300 ரூபாய் மீனுக்கு இவ்வளவு விசாரணை நடத்தும் அதே கை, மொபைலில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு 50,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிவிடுகிறது. படத்தில் இருப்பது பளபளவென்று ஒரு சொகுசு எஸ்.யூ.வி. "அண்ணே, ஒரே ஓனர், டாக்டர் வச்சிருந்த வண்டி, கம்பெனி சர்வீஸ், பேப்பர் எல்லாம் கிளியர்" என்கிறார் புரோக்கர். ஒரு காலத்தில் 80 லட்சம், ஒரு கோடி என்று ஷோரூமில் நின்ற வண்டி. இன்று கேட்கும் விலை ஒரு புது ஹேட்ச்பேக் விலைதான்.

இந்த ஆசை இப்போது நிறைய வீடுகளில் எழ ஒரு காரணம் இருக்கிறது. மஹிந்திராவின் முதல் தலைமுறை 'தார்' 2010-ல் வந்தது. அப்போது ஆசையாக வாங்கியவர்களின் ஆர்.சி. இப்போது 15 வயதைத் தொடுகிறது. ஜிப்ஸி, பழைய மஹிந்திரா ஜீப், முதல் ஸ்கார்ப்பியோ வைத்திருப்பவர்கள் அந்த வயதைத் தாண்டிப் பல நாள் ஆகிறது. "இதுக்கு மேல இதுல எதுக்குச் செலவு பண்ணணும்? கொஞ்சம் போட்டா பெரிய வண்டியே வாங்கிடலாமே!" என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் இந்த வாரக் கணக்கு.

15 வயது என்றால் முடிந்துவிட்டதா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைத்துவிடலாம். 15 ஆண்டு ஆனதும் சொந்த வண்டியைக் கட்டாயம் உடைக்க வேண்டும் என்று புதுச்சேரியிலோ தமிழ்நாட்டிலோ சட்டம் இல்லை. அரசு வாகனங்களுக்குத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் 15 ஆண்டு என்ற எல்லை வந்தது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

கட்டணம் கூடியிருக்கிறது என்பது உண்மை. 2022 ஏப்ரலில் இருந்து, 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 5,000 ரூபாய். அதற்கு முன்பு 600 ரூபாயாக இருந்தது. 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்ட்டில் அது 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. தேதி தவறினால் காருக்கு மாதம் 500 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

இதே பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது. அதைப் பெரும்பாலானவர்கள் படிப்பதில்லை. வண்டி இறக்குமதி செய்யப்பட்டது என்றால் 15 ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்க 40,000 ரூபாய், 20 ஆண்டுக்குப் பிறகு 80,000 ரூபாய். 'வயசான ஜீப்புக்கு 5,000 கட்டணுமா?' என்று சலித்துக்கொண்டு, 11 வயதான இறக்குமதி வண்டியை வாங்குபவர், நான்கே ஆண்டில் எட்டு மடங்கு கட்டணத்தை எதிர்கொள்வார்.

ஏன் இவ்வளவு மலிவு?

2025 ஜூலையில் டெல்லியில் இருந்து ஒரு செய்தி நாடு முழுக்கப் பரவியது. 2015-ல் 84 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் எம்.எல்.350 வண்டியை இரண்டரை லட்சத்துக்கு விற்க வேண்டியதாகிவிட்டது என்று ஒருவர் ஊடகங்களிடம் சொன்னார். டெல்லியில் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்ற எல்லை உண்டு. அந்த ஜூலை 1 முதல், வயது கடந்த வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருளே தரக் கூடாது என்று உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே அது தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அதற்குள் பயத்தில் பல வண்டிகள் கைமாறிவிட்டன.

டெல்லியில் ஓட முடியாத வண்டி எங்கே போகும்? அந்த எல்லை இல்லாத ஊர்களுக்குத்தான் வரும். 'டெல்லி வண்டி' என்று தெற்கே புரோக்கர்கள் காட்டும் படங்களில் ஒரு பகுதி இப்படி வருபவை.

இன்னொரு காரணம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி.களுக்கு, ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது 40 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். முதல் உரிமையாளருக்கு வாரண்டி முடிந்ததும் பெரிய செலவுகள் எப்போது வரும் என்பது ஓரளவு தெரியும். அந்தச் செலவு வாசலுக்கு வரும் முன் அவர் வண்டியைக் கைமாற்றிவிடுகிறார். விலை குறைவாகத் தெரிவதற்கு, அடுத்து வரப்போகும் அந்த பில்லும் ஒரு காரணம்.

வண்டிக்கு வயதாகும், உதிரிபாகத்துக்கு ஆகாது

84 லட்ச ரூபாய் வண்டி பத்தே ஆண்டில் இரண்டரை லட்சமாகலாம். ஆனால், அதன் ஏர் சஸ்பென்ஷனோ, கியர்பாக்ஸோ, ஹெட்லைட்டோ அப்படி விலை இறங்குவதில்லை. அவை இன்றும் 84 லட்ச ரூபாய் வண்டியின் பாகங்கள்தான். சில நேரம் பத்தாண்டுக்கு முன்பு இருந்ததைவிட விலை கூடியிருக்கும்.

ஒரு வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். பெரிய மார்க்கெட்டில் மொத்தக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2010 மாடல் தார், டீசல். 105 குதிரைத்திறன். அதைக் கொடுத்துவிட்டு 258 குதிரைத்திறன் கொண்ட ஒரு வி6 டீசல் சொகுசு வண்டியைப் பார்க்கிறார். சக்தி இரண்டரை மடங்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆக்ஸிலேட்டரைத் தொட்டால் பறக்கும்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டம். பழைய வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்தால் 83 லிட்டர். புதிதாக வந்தது ஊருக்குள் 8 தந்தால் 125 லிட்டர். ஆண்டுக்குக் கூடுதலாக சுமார் 500 லிட்டர். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 45,000 ரூபாய். இது சமாளிக்கக்கூடிய செலவு. சொகுசு வண்டி யாரையும் டீசலில் கவிழ்ப்பதில்லை.

கவிழ்ப்பது வேறு. டயரைப் பாருங்கள். பழைய தார் போன்ற வண்டிகளில் தேவைப்படும்போது மட்டும் நெம்புகோலைப் போட்டு நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுப்போம். மற்ற நேரம் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும். ஒரு டயர் போனால் ஒரு டயர் மாற்றலாம், பெரிதாகக் கெட்டுவிடாது. சொகுசு வண்டிகளில் பல, எப்போதுமே நான்கு சக்கரத்திலும் ஓடுபவை. நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதிது என்றால் சுற்றளவு மாறி, நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். அதனால் ஒரு டயர் கிழிந்தால் பெரும்பாலும் நான்கையும் மாற்றச் சொல்வார்கள். 19, 20 இன்ச் டயர் நான்கு என்பது ஒரு ஸ்கூட்டர் விலையைத் தாண்டிவிடும்.

அடுத்து, ஓட்டும் விதம். கடைக்கும் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர், காலையில் ஒரு நடை, இரவு ஒரு நடை. இப்படி ஓட்டுவதற்கு நவீன சொகுசு டீசல் ஏற்றதல்ல. அவற்றில் பலவற்றில் டி.பி.எஃப். என்ற கரிப்புகை வடிகட்டி இருக்கிறது. அது நீண்ட தூரம் வேகமாக ஓடும்போது சூடாகித் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். நேரு வீதி நெரிசலிலும் காந்தி வீதி சிக்னலிலும் மட்டுமே ஓடினால் அந்தச் சூடு கிடைக்காது, அடைத்துக்கொள்ளும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டி என்றால், பலவற்றுக்கு ஆட்ப்ளூ என்ற திரவமும் ஊற்ற வேண்டும்.

அப்புறம் இடம். பழைய தாரின் அகலம் சுமார் 1.7 மீட்டர், நீளம் 4 மீட்டருக்கும் குறைவு. டொயோட்டா லேண்ட் க்ரூஸர் போன்ற ஒன்று அகலத்தில் 2 மீட்டரைத் தொடும், நீளத்தில் 5 மீட்டரை நெருங்கும், எடை இரண்டரை டன்னுக்கு மேல். "ஏங்க, இத எங்க நிறுத்துவீங்க?" என்று வீட்டில் கேட்கும் கேள்விதான் உண்மையில் மிகத் தொழில்நுட்பமான கேள்வி. தெருவில் நிறுத்தினால் முதல் மாதமே கண்ணாடி போகும். கேமரா, சென்சார், விளக்கு எல்லாம் வைத்த அந்த ஒரு பக்கக் கண்ணாடியின் விலையைக் கேட்டுவிட்டு வண்டி வாங்குவது நல்லது.

எல்லா ஃபோர் வீல் டிரைவும் காட்டுக்குப் போகாது

பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி வாங்குபவர் 'அதைவிட இது இன்னும் நல்லா மலை ஏறும்' என்று நினைப்பது இயல்பு. இங்கே கவனம் வேண்டும். சேற்றிலும் பாறையிலும் வண்டியைக் காப்பாற்றுவது குதிரைத்திறன் இல்லை, லோ ரேஞ்ச் கியர். மெதுவாக, ஆனால் பெரும் விசையோடு சக்கரத்தைச் சுற்றவைக்கும் அமைப்பு. பழைய தார் ஃபோர் வீல் டிரைவில் அது இருக்கிறது, ஜிப்ஸியில் இருக்கிறது. லேண்ட் க்ரூஸரிலும் இருக்கிறது. ஆடி க்யூ7, பி.எம்.டபிள்யூ எக்ஸ்5 போன்றவற்றில் இல்லை. அவை மழைச் சாலையிலும் நெடுஞ்சாலையிலும் பிடிமானம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுகமாக ஏறும். அங்கிருந்து தோட்டத்து மண் பாதையில் இறங்கச் சொன்னால் அடி தட்டும்.

சொகுசு வண்டிக்கு ஆதரவாகவும் ஒரு நியாயம் இருக்கிறது. முதல் தலைமுறை தாரில் ஏர்பேக் கிடையாது. பின்னால் பக்கவாட்டு இருக்கையில் பிள்ளைகளை உட்காரவைத்து நெடுஞ்சாலையில் போவது நெஞ்சைப் பிடிக்கும் விஷயம். வயதான அம்மா ஏறி இறங்கக் கஷ்டப்படுவார். பாதுகாப்புக்காகவும் முதுகுவலிக்காகவும் வண்டி மாற்றுவது முழுக்க நியாயமான காரணம். அதற்குச் சொகுசு பிராண்டுதான் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

பி.ஒய். நம்பரும் பூட்டான் வண்டியும்

இன்ஜின் கெட்டால் பணம் போகும். காகிதம் கெட்டால் வண்டியே போகும். இது புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

2017-ல் கேரளத்தில் பெரும் சர்ச்சை வெடித்தது. திரைத்துறையினர் உட்படப் பலர், கேரளத்தில் ஓட்டும் விலையுயர்ந்த கார்களைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்திருந்தார்கள். அங்கே சுமார் 20 லட்சம் வரி வரக்கூடிய ஒரு காருக்கு இங்கே இரண்டு லட்சத்துக்கும் குறைவாகக் கட்டப்பட்டிருந்தது என்று செய்திகள் வந்தன. காட்டிய முகவரிகள் போலி என்று குற்றச்சாட்டு எழுந்து, வழக்குகள் பதிவாயின. சிலர் கேரளத்தில் வரியைக் கட்டினார்கள்.

அந்த வண்டிகள் எல்லாம் இப்போது எட்டு, பத்து வயதில் இருக்கும். பழைய சந்தைக்கு வரும் வயது அது. 'பி.ஒய். 01, லைஃப் டாக்ஸ் கட்டியாச்சு' என்று விளம்பரத்தில் இருந்தால், அந்த முகவரியில் உண்மையில் யார் இருந்தார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டம் எளிமையானது. வண்டி வழக்கமாக எங்கே வைக்கப்பட்டிருக்கிறதோ, உரிமையாளரின் வீடோ தொழிலோ இருக்கும் அந்த மாநிலத்தில் பதிவு இருக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவு எண் வாங்க வேண்டும், வரியும் கட்ட வேண்டும். மார்க்கெட்டில் கடை, வீடு கோட்டக்குப்பத்தில் என்று இருப்பவர்களுக்கு இது நூலிழை விஷயம். வீடு இருப்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதுக் காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். என்றாலும், அது வண்டியின் ஆதி விலையை வைத்துத் தொடங்கும் கணக்கு.

வெளிமாநில வண்டி என்றால் பழைய பதிவு அலுவலகத்தின் என்.ஓ.சி. கைக்கு வர வேண்டும். அது படிவம் 28. புதிய பதிவு எண்ணுக்குப் படிவம் 27. பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30. கடன் இருந்திருந்தால், முடிந்தது என்று வங்கி தரும் படிவம் 35. 'டெல்லி டீசல்' என்றால் இன்னொன்றும் செய்ய வேண்டும். 10 வயது கடந்த அந்த வண்டியை நம் ஊர்ப் போக்குவரத்து அலுவலகம் ஏற்குமா, எவ்வளவு வரி கேட்கும், பதிவில் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதை அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும்.

இதைவிடக் கனமான சம்பவம் 2025 செப்டம்பர் 23 அன்று நடந்தது. கொச்சி சுங்கத்துறையினர் 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தில் பல இடங்களில் சோதனை நடத்தினார்கள். பூட்டான் மொழியில் நும்கோர் என்றால் வாகனம். பூட்டானில் இருந்து பழைய சொகுசு வண்டிகளை முறைகேடாகக் கொண்டுவந்து, போலி ஆவணங்களோடு இந்தியாவில் பதிவு செய்து விற்றார்கள் என்பது குற்றச்சாட்டு. லேண்ட் க்ரூஸர், டிஃபெண்டர், பேட்ரோல் என்று 30-க்கும் மேற்பட்ட வண்டிகள் பறிமுதலாயின. நடிகர்களின் வீடுகளிலும் சோதனை நடந்தது. 'நான் உரிய விலை கொடுத்துத்தான் வாங்கினேன்' என்பது வாங்கியவர் தரப்பு. யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். அதுவரை வண்டி வீட்டு வாசலில் நிற்காது என்பதுதான் நமக்கான பாடம்.

எனவே இறக்குமதி வண்டி என்றால், முதன்முதலில் துறைமுகத்தில் சுங்கவரி கட்டியதற்கான பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேளுங்கள். ஆர்.சி.யில் 'ராணுவ ஏலம்', 'தூதரக வண்டி' என்று பூர்வீகம் காட்டினால், அதற்கான ஏலச் சான்றையும் பாருங்கள். காட்டத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

கல்லாப் பெட்டியில் இருந்து கொடுக்கலாமா?

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாங்கிக்கொள்பவருக்கு, வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டியை டீலரிடம் வாங்கினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது நஷ்டமில்லை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால், வாங்கியது கணக்கில் ஏறிவிடும். கடைக் கணக்கில் காட்டும் வருமானமும் வாசலில் நிற்கும் வண்டியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

பதிவு பெற்ற டீலர் விற்றால் அவருடைய லாப வித்தியாசத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ஒருவர் தன் சொந்த வண்டியை இன்னொருவருக்கு நேரடியாக விற்றால் அது கிடையாது. வங்கிக் கடன் என்றால், பழைய காருக்கு வட்டி புதுக் காரைவிட அதிகம். ரொம்ப வயதான வண்டிக்குப் பல வங்கிகள் கடனே தராது. அப்போது கை போவது வீட்டு நகைப் பெட்டிக்குத்தான். நகையை அடகு வைத்து, ஆண்டுதோறும் மதிப்பு குறையும் ஒரு பொருளை வாங்குவது என்ன கணக்கு என்பதை அந்த நகைக்குச் சொந்தக்காரர் கேட்டால், பதில் கையில் இருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸில் ஒன்று. 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எந்தக் காருக்கும் மூன்றாம் நபர் காப்பீடு ஒரே கட்டணம்தான். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில்தான் வித்தியாசம். வயதான வண்டிக்குத் தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாலிசி கிடைப்பது அரிது. விபத்தில் ஒரு லட்ச ரூபாய் பம்பர் உடைந்தால், அதில் பெரும் பகுதி சொந்தக் கையில் இருந்து போகும்.

பழைய ஜீப்பை விற்கும்போதும் அவசரம் வேண்டாம். பெயர் மாறும்வரை ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு கடமை முடிவதில்லை. பெயர் மாறியதை ஆன்லைனில் பார்த்த பிறகே நிம்மதியாகத் தூங்கலாம்.

தண்ணீர் குடித்த வண்டி

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை மூழ்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் இங்கே 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இப்படி ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நனைந்த கார்கள் ஏலத்துக்குப் போய், துடைக்கப்பட்டு, சந்தைக்குத் திரும்புகின்றன. பழைய ஜீப் நனைந்தால் காயவைத்து ஓட்டிவிடலாம், அதில் வயரும் குறைவு. சொகுசு வண்டியில் இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் கணினிப் பெட்டிகள் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து மடியும்.

பார்க்கப் போகும் நாளில் இவற்றைச் செய்யுங்கள்:

• காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், அதுவே ஒரு பதில்.

• ஏர் சஸ்பென்ஷன் வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு ஒரு மூலையில் குந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

• சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளம் பார்த்த வண்டி. தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள்.

• சாவியைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கலாம்.

• நான்கு டயரும் ஒரே பிராண்டா, ஒரே தேய்மானமா என்று பாருங்கள். சாவி இரண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

• லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடற்காற்று ஊரில் ஓடிய வண்டி கீழிருந்துதான் அரிக்கும்.

• சேஸி எண்ணைக் கொடுத்து அந்தக் கம்பெனியின் சர்வீஸ் மையத்தில் பழைய பதிவுகளைக் கேளுங்கள். மீட்டரில் 60,000 கிலோமீட்டர், பதிவில் 1,40,000 கிலோமீட்டர் என்று இருந்தால், குறைத்தவர் யார் என்று தேட வேண்டியதில்லை, வந்த வழியே திரும்பலாம்.

• எம்பரிவாகன் செயலியில் கடன், காப்பீடு, பதிவு முடியும் தேதியைச் சரிபாருங்கள். நிலுவை அபராதங்களையும் பார்த்துவிடுங்கள்.

இதற்குச் சில ஆயிரம் செலவாகும். ஒரு நாள் கடையை விட்டு வர வேண்டியிருக்கும். செய்யாமல் விட்டால் வரும் செலவுக்கு முன் இது ஒன்றுமில்லை.

அப்படியானால் யார் வாங்கலாம்?

கையில் 15 லட்சம் இருக்கிறது என்றால் 15 லட்ச ரூபாய் வண்டியைப் பார்க்காதீர்கள். 11 லட்சத்துக்குப் பாருங்கள். மிச்சம் 4 லட்சத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு, முதல் இரண்டு ஆண்டு வண்டிக்கென்றே வையுங்கள். அப்படி ஒதுக்க மனமோ வசதியோ இல்லை என்றால், அந்த வண்டி நம் சக்திக்கு மேல் என்று அர்த்தம். மாதம் இரண்டு முறையாவது நீண்ட பயணம் போகிறவர், மூடிய பார்க்கிங் உள்ளவர், கூடவே இன்னொரு சின்ன வண்டி வைத்திருப்பவர் தைரியமாக வாங்கலாம். இவர்களுக்குப் பழைய சொகுசு வண்டி உண்மையிலேயே லாபம். மற்றவர் கொடுத்த 60, 70 லட்ச ரூபாய் தேய்மானத்தில் இவர்கள் சொகுசாகப் போகிறார்கள்.

வீட்டில் இருப்பதே ஒரு வண்டிதான், அதில்தான் கடைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும் என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. ஃபார்ச்சூனர், ஸ்கார்ப்பியோ என், 2020-க்குப் பிறகு வந்த புதிய தார் ஆகியவற்றின் ஃபோர் வீல் டிரைவ் வகைகள். ஏர்பேக் உண்டு, லோ ரேஞ்ச் உண்டு, உதிரிபாகம் அடுத்த தெருவில் கிடைக்காவிட்டாலும் அடுத்த ஊரில் கிடைக்கும். படத்தில் அவ்வளவு மினுங்காது, அவ்வளவுதான்.

மூன்றாவது வழியும் உண்டு. பழைய ஜீப்பின் இன்ஜினும் சேஸியும் நன்றாக இருந்தால், 5,000 ரூபாய் கட்டி, பிரேக்கும் டயரும் மாற்றி, தகுதிச் சோதனையில் தேறி, இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டலாம். அதற்குள் சேமிப்பும் வளரும், பிள்ளைகளும் வளர்ந்துவிடுவார்கள், எந்த வண்டி தேவை என்பதும் தெளிவாகும்.

எதுவானாலும், டோக்கன் அட்வான்ஸை அனுப்பும் முன் இரண்டு எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வீட்டில் காட்டுங்கள். ஒன்று, வண்டியின் விலை. இரண்டாவது, அடுத்த இரண்டு ஆண்டில் அந்த வண்டிக்கு ஆகப்போகும் செலவு. இரண்டாவது எண்ணை எழுதத் தெரியவில்லை என்றால், முதல் எண்ணைப் பேசும் நேரம் இன்னும் வரவில்லை.